பாட்டுக்கு முன்னால் வந்த பெயர்கள்

வானொலி வரலாறு – 12

ரேடியோ சிலோனின் வர்த்தக சேவை 1950 செப்டம்பர் 30 அன்று கொழும்பில் தொடங்கியது. நிலையம் அரசாங்கத்துக்குச் சொந்தம். அதன் நேரத்தைக் காசுக்கு விற்கலாம் என்று அனுமதித்ததும் அதே அரசாங்கம். பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம், அகில இந்திய வானொலியில், விளம்பரம் என்ற பேச்சுக்கே அப்போது இடமில்லை.

ஏக்கலவில் 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி எப்படி வந்து சேர்ந்தது என்பதைச் சென்ற பகுதியில் பார்த்தோம். மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைகளுக்குப் பாட்டும் செய்தியும் கொடுக்கத் திட்டமிட்ட கருவி அது. முழு வலுவோடு இயங்கத் தொடங்கியது 1946இல். அதற்குள் இரண்டாம் உலகப் போரே முடிந்துவிட்டது. படைகள் ஊர் திரும்பின, ஒலிபரப்பி தங்கிவிட்டது. 1949இல் அது சுதந்திர இலங்கையின் கைக்கு வந்தது. 1953 கணக்கெடுப்பின்படி இலங்கையின் மக்கள்தொகை 81 லட்சம். அத்தனை பேருக்கும் பேச அவ்வளவு பெரிய குரல் தேவையில்லை. அந்தக் குரல் எட்டக்கூடிய இடத்தில் இந்தியாவின் பல கோடிப் பேர் இருந்தார்கள். கொழும்புத் திட்டத்தின் கீழ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிஃபோர்ட் டாட் என்பவரிடம் வர்த்தக சேவை ஒப்படைக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் அரசு வானொலியும் விளம்பர வானொலியும் அருகருகே இயங்கிவந்தன. ஆகவே கால் மணி, அரை மணி என்று நேரத்தை வெட்டி விற்கும் தொழில் அவருக்குப் புதிதல்ல. அவருக்குப் பின் அந்தப் பொறுப்பை ஏற்ற லிவி விஜேமான்ன இலங்கை வானொலியில் வளர்ந்தவர்.

இந்த வியாபாரத்துக்குப் பெரிய வாடிக்கையாளர் கூட்டத்தைக் கொடுத்தவர் தில்லியில் இருந்தார். பி.வி. கேஸ்கர் 1952இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரானார். 1962 வரை அந்தப் பதவியில் இருந்தார். சாஸ்திரிய சங்கீதத்தில் தோய்ந்தவர். வானொலியில் தேசிய இசை நிகழ்ச்சி 1952இல் தொடங்கியதும், ஆகாசவாணி சங்கீத சம்மேளனம் 1954இல் தொடங்கியதும் அவர் காலத்தில்தான். சமஸ்தானங்கள் போனபின் ஆதரவில்லாமல் நின்ற எத்தனையோ வித்வான்களுக்கு வானொலி ஒரு வாழ்வு கொடுத்தது. சினிமாப் பாட்டை விரட்டியவர் என்ற ஒற்றை வரியில் அவரைப் பலர் முடித்துவிடுகிறார்கள். அது நியாயமில்லை. ஆனால் சினிமாப் பாட்டை அவர் விரட்டினார் என்பதும் உண்மை.

அந்த விரட்டல் நடந்த விதத்தில் ஒரு சின்ன விவரம் இருக்கிறது. இன்றைய பகுதி முழுவதும் அதைச் சுற்றித்தான். திரைப்பாடலுக்கான நேரத்தைக் குறைத்ததோடு வானொலி நிற்கவில்லை. பாட்டு ஒலிபரப்பும்போது படத்தின் பெயரைச் சொல்வதில்லை என்றும் முடிவெடுத்தது. படத்தின் பெயரைச் சொன்னால் அது படத்துக்கு விளம்பரம் ஆகிவிடும், அரசு வானொலி யாருக்கும் விளம்பரம் செய்யக்கூடாது என்பது வாதம். பாடியவர் பெயர் வரும், பாட்டு வரும். எந்தப் படம் என்று கேட்பவர் தெரிந்துகொள்ள முடியாது. படத் தயாரிப்பாளர்கள் கொதித்தார்கள். எங்கள் சொத்தை எடுத்துப் போடுகிறீர்கள், எங்கள் பெயரைச் சொல்ல மாட்டீர்களா என்று கேட்டு, பாடல்களை ஒலிபரப்பக் கொடுத்திருந்த அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள். சில மாதங்களில் அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டு ஏறக்குறைய மறைந்தே போனது. சண்டையின் வேர் பணம், ரசனை, அதிகாரம் எல்லாவற்றிலும் ஓடியது என்றாலும், அது வெடித்த இடம் ஒரு பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பதுதான்.

கொழும்புக்கு அந்தச் சங்கடமே இல்லை. அங்கே பெயர் சொல்வதே தொழில். பற்பசையின் பெயரைச் சொல்லக் காசு வாங்கும் நிலையம் படத்தின் பெயரைச் சொல்ல ஏன் தயங்கப் போகிறது?

இந்திச் சேவையின் கதை தமிழ் வாசகர்களும் ஓரளவு அறிந்ததுதான், விரைந்து கடந்துவிடுகிறேன். பம்பாயில் விளம்பர நிறுவனங்கள் நிகழ்ச்சிகளைத் தயாரித்து நாடாவில் பதிந்து விமானத்தில் கொழும்புக்கு அனுப்பின. 1952 டிசம்பரில் பினாக்கா கீத்மாலா என்ற இந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சி தொடங்கியது. அதை வழங்கிய அமீன் சயானிக்கு வாரத்துக்கு 25 ரூபாய். எழுதுவது, பேசுவது, வரும் கடிதங்களைப் பிரித்துப் பார்ப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் வந்து குவிந்ததாகப் பின்னாளில் பேட்டிகளில் அவர் சொன்னார். நடிகராகும் முன் சுனில் தத்தும் ரேடியோ சிலோனுக்காக மைக்கைப் பிடித்தவர். இந்தியாவின் சோப்பும் தேயிலையும் பற்பசையும் தங்கள் விளம்பரக் காசைக் கடல் தாண்டிக் கொண்டுபோய்க் கொட்டின. வர்த்தக சேவையின் வருமானத்துக்கு அந்தக் காசு பெரிய முட்டு. தமிழ்ச் சேவை அதன் பக்கத்தில் அமைதியாக வளர்ந்தது.

தமிழ்நாட்டின் தென்பகுதிக்கு இலங்கை வானொலி ‘வெளிநாட்டு நிலையம்’ என்று ஒருபோதும் தோன்றியதில்லை. அதற்கு மொழி மட்டும் காரணமில்லை, பூகோளமும் காரணம். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு நேர்க்கோட்டில் 300 கிலோமீட்டருக்கும் குறைவு. சென்னை 500 கிலோமீட்டருக்கும் அதிகம். திருச்சியில் வானொலி நிலையம் 1939இலேயே வந்துவிட்டது என்றாலும் திருநெல்வேலிக்கு ஒரு நிலையம் கிடைக்க 1963 ஆயிற்று. இதோடு இயற்பியலும் சேர்ந்துகொண்டது. மத்திய அலை தரையை ஒட்டிப் போகும்போது வறண்ட மண்ணும் பாறையும் அதை உறிஞ்சிவிடும். உப்பு நீர் நல்ல மின்கடத்தி என்பதால் கடல் பரப்பின் மேல் போகும் அலை அவ்வளவு சீக்கிரம் தேய்வதில்லை. மன்னார் வளைகுடா மேல் தடையில்லாமல் வந்த அலை இராமநாதபுரத்துக் கடற்கரையில் பகலிலும் தெளிவாகக் கேட்டது. இரவில் வானத்து அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி இன்னும் வடக்கே போனது. சென்னையிலும் அதற்கு அப்பாலும் இருந்தவர்கள் சிற்றலையில் இரைச்சலுக்கு நடுவே முள்ளை நகர்த்தித் தேடினார்கள். அறுபதுகளில் டிரான்சிஸ்டர் பெட்டிகள் வந்தபிறகு மின்சாரம் எட்டாத வீட்டுக்கும் இலங்கை வானொலி போனது. தையல் கடை, சலூன், தேநீர்க் கடை, பீடி சுற்றும் கொட்டகை என்று கை வேலையாக இருந்தாலும் காது சும்மா இருந்த இடங்கள் எல்லாம் அதன் கோட்டைகள்.

இங்கே எஸ்.பி. மயில்வாகனம் வருகிறார். தமிழ்நாட்டில் அவரை மயில்வாகனன் என்றே அழைத்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பதுகளில் வர்த்தக சேவையின் தமிழ்ப் பிரிவுக்கு வந்தார், அதன் முதல் நிரந்தரத் தமிழ் அறிவிப்பாளர். அவர் மனைவி செந்திமணி மயில்வாகனமும் அதே நிலையத்தின் குரல். வானொலித் தமிழ் என்றால் எழுதி வைத்ததை நிறுத்தி நிதானமாக வாசிப்பது என்று இருந்த காலம் அது. மயில்வாகனம் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவதுபோலப் பேசினார். ஒரு பாட்டின் முடிவை அடுத்த விளம்பரத்தின் தொடக்கத்தோடு சொல் விளையாட்டால் முடிந்துவிடுவார். விளம்பரம் முடிந்ததும் அதிலிருந்தே அடுத்த பாட்டுக்குத் தாவுவார். விளம்பரம் பாட்டைக் கெடுக்கிறது என்ற எண்ணமே கேட்பவருக்கு வராது. வர்த்தக வானொலியில் இதைவிடப் பெரிய திறமை வேறு இல்லை. அதை அவர் யாரிடமும் பயின்று வரவில்லை, தமிழில் அவருக்கு முன்மாதிரியும் இல்லை.

பாட்டுக்கு முன்னும் பின்னும் அவர் சொன்னவற்றைத்தான் நான் இன்னும் முக்கியமாக நினைக்கிறேன். படம் எது, பாடியவர்கள் யார், இயற்றியவர் யார், இசையமைத்தவர் யார் என்று ஒவ்வொரு பாட்டுக்கும் முழு விவரம். அவருக்குப் பின் வந்த ஒவ்வொரு தமிழ் அறிவிப்பாளரும் இதை ஒரு விரதம்போலக் காத்தார்கள்.

இன்று இது சாதாரணமாகத் தெரியலாம். அந்தக் காலத்தில் பெயர்கள் கிடந்த நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். 1949இல் வந்த ‘மஹல்’ இந்திப் படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிப் புகழ்பெற்ற பாட்டின் இசைத்தட்டில் பாடியவர் பெயர் ‘காமினி’ என்று அச்சாகியிருந்தது. காமினி என்பது படத்தில் மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர். அந்தக் குரல் யாருடையது என்று கேட்டு நேயர்கள் வானொலிக்கு எழுதிக் குவித்த பிறகுதான் உண்மையான பெயர் வெளியே வந்தது. பாடகியின் நிலையே அப்படியென்றால் பாட்டு எழுதியவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பாடகர், இசையமைப்பாளர் பெயர்களோடு பாடலாசிரியர் பெயரையும் வானொலி சொல்ல வேண்டும் என்று இந்தியில் கவிஞர் சாஹிர் லூதியான்வி போராடிப் பெற வேண்டியிருந்தது. தமிழில் பாடலாசிரியர் பெயரைத் தெரிந்துகொள்ள இருந்த வழி கொட்டகை வாசலில் அணாக் கணக்கில் விற்ற பாட்டுப் புத்தகம். படத்தைப் பார்க்கப் போனால்தான் அது கைக்கு வரும். நகரத்துக்குப் போய்ப் படம் பார்க்க வழியில்லாதவருக்கு அந்தப் பெயர் கடைசிவரை தெரியாது.

அந்த ஆளுக்கு இலங்கை வானொலி பெயரைச் சொன்னது. ஒரு நாளுக்குப் பலமுறை, வருடக் கணக்கில். மருதகாசி, பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், கண்ணதாசன் எழுத்துகளைக் காதால் கேட்டே பிரித்தறியும் ஒரு தலைமுறை இப்படித்தான் உருவாயிற்று. இசை ஜி. ராமநாதனா, கே.வி. மகாதேவனா, விஸ்வநாதன் – ராமமூர்த்தியா என்று பாட்டின் முதல் நாலு நொடியிலேயே சொல்லிப் பந்தயம் கட்டும் பழக்கம் ஊர்த் தேநீர்க் கடைகளில் இருந்தது. அவர்களில் பலர் பள்ளிக்கூடத்தில் நெடுநாள் இருந்தவர்கள் இல்லை. தமிழ்த் திரையிசைக்கு வரலாறு எழுத வேண்டும் என்று எந்தப் பல்கலைக்கழகமும் நினைக்காத காலத்தில், அந்த வரலாற்றின் அடிப்படைத் தகவல்களை மக்கள் மனத்தில் எழுதி வைத்தது காசுக்கு நேரம் விற்ற ஒரு நிலையம். திரையிசை பற்றிப் பின்னாளில் தமிழில் எழுதியவர்களில் பலருக்கு முதல் பாடம் அங்கேதான் நடந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

இதில் நிலையத்துக்கு நேரடி லாபம் ஏதுமில்லை. இசையமைப்பாளர் பெயரைச் சொல்ல யாரும் காசு கொடுக்கவில்லை. அந்தப் பத்து நொடியை இன்னொரு விளம்பரத்துக்கு விற்றிருக்கலாம். விற்காமல் வைத்திருந்தது அறிவிப்பாளர்களின் தொழில் மானம். அவர்களில் பலர் நாடகத்திலிருந்தும் தமிழ் இலக்கியப் பயிற்சியிலிருந்தும் வந்தவர்கள். எழுதியவன் பெயரில்லாமல் ஒரு பாட்டைச் சபையில் வைப்பது அவர்களுக்கு மரியாதைக் குறைவாகப் பட்டிருக்க வேண்டும்.

பெயர் சொல்லும் இந்தப் பழக்கம் மறுபக்கமும் போனது. கேட்பவரின் பெயரையும் நிலையம் சொன்னது. ‘நீங்கள் கேட்டவை’ நிகழ்ச்சிக்கு ஒரு தபால் அட்டை எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தால், என்றோ ஒரு நாள் எழுதியவரின் பெயரும் ஊரும் கடல் தாண்டி ஒலிக்கும். கேட்டது ஒருவர் என்றாலும், அட்டையில் நண்பர்கள், மைத்துனர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று பத்துப் பெயர் இருக்கும். வடக்கே அன்றைய பீகாரில் அபிரகம் தோண்டிய ஜும்ரி தலையா என்ற சிற்றூர், ரேடியோ சிலோனுக்கும் பின்னாளில் விவித பாரதிக்கும் போட்ட விருப்பக் கடிதங்களாலேயே நாடறிந்த பெயரானது. தமிழிலும் இப்படிப் பெயர் பெற்ற ஊர்கள் உண்டு, நேயர்களும் உண்டு. பத்திரிகையில் பெயர் வர வேண்டுமென்றால் ஏதாவது சாதிக்க வேண்டும், இல்லையென்றால் சாக வேண்டும். வானொலியில் பெயர் வர ஒரு பாட்டைப் பிடித்திருந்தால் போதும்.

‘பிறந்தநாள் வாழ்த்து’ இதன் உச்சம். ஒரு குழந்தையின் பெயர், பிறகு வாழ்த்துபவர்கள்: அப்பா, அம்மா, அண்ணா, அக்கா, அப்பப்பா, அப்பம்மா, அம்மப்பா, அம்மம்மா, பெரியப்பா, சித்தி, மாமா, மாமி, மச்சான்மார். அப்பப்பாவையும் அம்மம்மாவையும் முதன்முதலாக வானொலியில்தான் கேட்டோம் என்று சொல்லும் தமிழ்நாட்டுக்காரர்களை இன்றும் பார்க்கலாம். இங்கே இருவருமே தாத்தா, பாட்டி. பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் ஒரு குழந்தை, நல்லூரில் ஒரு குழந்தை, மட்டக்களப்பில் ஒரு குழந்தை, அடுத்ததாக ஒரு பாட்டு. வடக்கு, கிழக்கு, மலையகம், கொழும்பு என்று தங்களுக்குள் அதிகம் கலக்காமல் வாழ்ந்த தமிழ் பேசும் மக்கள் ஒருவர் வீட்டுப் பெயரை மற்றவர் அன்றாடம் கேட்ட இடம் அது. அரசியல் மேடைகள் இதைச் செய்ய முயன்று தடுமாறின.

தில்லியும் சும்மா இருக்கவில்லை. போன நேயர்களைத் திரும்ப அழைக்க 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதியைத் தொடங்கியது. சினிமாப் பாட்டு திரும்ப வந்தது, கேஸ்கர் பதவியில் இருந்தபோதே வந்தது. ஆனால் விளம்பரம் இல்லாததால் சோப்புக் கம்பெனிகளின் காசு கொழும்புக்கே போய்க்கொண்டிருந்தது. அசோக் சந்தா தலைமையில் அமைந்த குழு 1966இல் கொடுத்த அறிக்கை, விவித பாரதியில் விளம்பரத்தை அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. 1967 நவம்பர் 1 அன்று பம்பாய், புனே, நாக்பூர் பகுதிக்கு வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. மற்ற நகரங்களுக்கும் சென்னைக்கும் பின்னால் விரிந்தது. கொழும்பு வர்த்தக சேவையின் பெரிய வருமானத்துக்கு அன்றைக்கே தேய்பிறை தொடங்கிவிட்டது. அதே 1967இன் ஜனவரி 5இல்தான் ரேடியோ சிலோன் அரசுத் திணைக்களம் என்ற நிலையிலிருந்து மாறி இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆகியிருந்தது.

பெரும் பணம் குறைந்த பிறகுதான் தமிழ்ச் சேவை தன் உச்சிக்குப் போனது. இது எனக்கு எப்போதும் வியப்பு. இதற்கு ஒரு காரணம் சொல்லலாம். இந்திச் சேவை பெரும்பாலும் பம்பாயில் தயாராகிக் கொழும்பில் ஒலித்தது; அதன் சரக்கும் குரலும் வேறிடம். விளம்பரதாரர் விலகியபோது நிகழ்ச்சியும் கூடவே போயிற்று. தமிழ்ச் சேவையின் உயிர் கொழும்பு டொரிங்டன் சதுக்கத்துக் கலையகத்துக்குள்ளேயே இருந்தது. அந்தச் சதுக்கம் பிறகு சுதந்திர சதுக்கமானது. அறிவிப்பாளர் உள்ளூர், நாடகக்காரர் உள்ளூர், விளம்பரம் கொடுத்த வங்கிகளும் கடைகளும் உள்ளூர். இசைத்தட்டு மட்டும் சென்னையிலிருந்து வந்தது.

எழுபதுகளின் நிகழ்ச்சிப் பெயர்களைச் சொன்னாலே இன்று அறுபதைத் தாண்டியவர்கள் முகம் மாறுவதைப் பார்க்கலாம். காலையில் ‘பொங்கும் பூம்புனல்’. இரவில் ‘இரவின் மடியில்’. நேயர் எழுதி அனுப்பும் ஒரு சிறுகதையைப் பாடல்களால் இடைநிரப்பி வாசிக்கும் ‘இசையும் கதையும்’. இந்தக் கடைசி நிகழ்ச்சியில் எழுதத் தொடங்கிய ஈழத்து இளைஞர்கள் நிறையப் பேர். கதை பெரும்பாலும் காதல் தோல்விதான், முடிவு பெரும்பாலும் கண்ணீர்தான். ஆனாலும் தான் எழுதிய வாக்கியத்தை நல்ல குரல் ஒன்று உயிர் கொடுத்துப் படிக்க, அதை ஊரே கேட்பது என்பது புதிதாக எழுத வருபவனுக்குச் சிறிய விஷயமா?

அப்படி உயிர் கொடுத்த குரல்களில் ராஜேஸ்வரி சண்முகத்துடையது முதல் வரிசை. வானொலி நாடகத்திலிருந்து அறிவிப்புக்கு வந்தவர். ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல்லில் மூச்சை நிறுத்த வேண்டும் என்பது நாடகம் அவருக்குக் கொடுத்த சொத்து. பி.எச். அப்துல் ஹமீதும் சிறுவயதில் வானொலி நாடகத்தில் நடித்து வந்தவர்தான். ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். ஓர் எழுத்தைக் கொடுப்பார், அந்த எழுத்தில் தொடங்கும் பாட்டைப் போட்டியாளர் பாட வேண்டும். எளிய விளையாட்டு. ஆனால் போட்டியாளர் ஒரு சொல்லை மாற்றிப் பாடினால் அதைத் திருத்தாமல் விட மாட்டார். ஒரு கவிஞன் தேடிப்பிடித்து வைத்த சொல்லை நம் வசதிக்கு மாற்றக்கூடாது என்ற கண்டிப்பு அந்த மென்மையான குரலுக்குள் இருந்தது. ழகர, ளகர, லகரத்தை அவர் பிரித்து ஒலிப்பதைக் கேட்டு உச்சரிப்பைச் சரிசெய்துகொண்ட தமிழாசிரியர்கள் உண்டு. பின்னாளில் அதே விளையாட்டு தொலைக்காட்சி வழியே தமிழ்நாட்டுக்கு வந்தபோது பலர் அதைப் புதுமை என்று நினைத்தார்கள். தென்மாவட்டத்துக்காரர்களுக்கு அது பழைய சொந்தம்.

கே.எஸ். ராஜா இந்த இருவருக்கும் நேர் எதிர்த் திசை. வேகம். ‘திரை விருந்து’ போன்ற திரைப்பட விளம்பர நிகழ்ச்சிகளில் அவர் வசனத் துண்டு, பாட்டுத் துண்டு, தன் குரல் மூன்றையும் மூச்சுவிடாமல் கோத்துக்கொண்டு போவார். கேட்பவன் அன்று மாலையே கொட்டகை வாசலில் நிற்பான். ஒரு பாத்திரத்தின் கேள்வியை வெட்டி எடுத்து, அதற்கு வேறொரு படத்தின் வசனத்தைப் பதிலாக ஒட்டிச் சிரிக்க வைப்பார். கணினி இல்லாத காலம். இசைத்தட்டின் சுழற்சியையும் நாடாவின் ஓட்டத்தையும் கையால் நிறுத்திக் கையால் விட்டு, நொடி பிசகாமல் செய்த வேலை அது. பாக்கு நீரிணையின் இரு கரையிலும் அவருக்கு நடிகர்களுக்கு இருப்பதுபோல் ரசிகர் கூட்டம் இருந்தது. இன்றைய பண்பலைத் தொகுப்பாளர்களின் வேகத்துக்குத் தமிழில் மூதாதை யாரென்று கேட்டால் தயங்காமல் ராஜாவைச் சொல்வேன். வேகமாகப் பேசும்போதும் ராஜாவின் தமிழ் சிதையவில்லை. மூதாதையிடமிருந்து எடுக்க வேண்டியதில் பாதியைத்தான் இவர்கள் எடுத்தார்கள்.

உள்ளூர்ப் பாட்டுக்கும் அந்த அலையில் கொஞ்சம் இடம் கிடைத்தது. எழுபதுகளின் முற்பாதியில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதிகள் இறுகின. உள்ளூர் உற்பத்தி என்ற முழக்கம் கலைக்கும் வந்தது. ஈழத்து மெல்லிசைப் பாடல்கள் ஒலித்தன. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ போன்ற பொப் பாடல்கள் பைலா தாளத்தோடு வந்து தமிழ்நாட்டுக் கல்லூரி விழாக்கள் வரை போயின. சினிமாவைச் சாராத ஒரு தமிழ்ப் பாட்டு கடைத்தெருவில் புகழ்பெற முடியும் என்று அந்தச் சில ஆண்டுகள் காட்டின. அது தொடர்ந்து வளரவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. சென்னைச் சினிமாவின் கனம் அதன் மேல் எப்போதும் அழுத்திக்கொண்டே இருந்தது. வர்த்தக சேவையும் நேயர் கேட்டதைத்தானே கொடுக்க முடியும்? நேயர் அட்டையில் எழுதியது எம்.ஜி.ஆர்., சிவாஜி படப் பாட்டுகள்.

1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியது. உயரமான ஆன்டெனாக்களை நட்டு அதையும் தமிழ்நாட்டின் கடலோர ஊர்களில் பார்த்தார்கள். தென்கோடியின் பல ஊர்களுக்குத் தொலைக்காட்சியும் முதலில் அதே கடல் வழியாகத்தான் வந்தது. வானொலிப் பெட்டி மெல்ல மூலைக்குப் போகத் தொடங்கியிருந்தது.

1983 ஜூலை வந்தது. கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. நிலையம் மூடப்படவில்லை, தமிழ்ச் சேவையும் நிற்கவில்லை. ஆனால் வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் காலையில் அந்த நிலையத்தைக் கேட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிய குடும்பங்கள் அகதி முகாமுக்கும், அங்கிருந்து யாழ்ப்பாணம் போகும் கப்பலுக்கும், பிறகு கடல் கடந்த நாடுகளுக்கும் போயின. பிறந்தநாள் வாழ்த்தில் ஒரே மூச்சில் வாசிக்கப்பட்ட உறவுகள் வேறு வேறு கண்டங்களில் விழுந்தன. கே.எஸ். ராஜா பிற்காலத்தில் கொழும்பில் படுகொலை செய்யப்பட்டார். தமிழில் அத்தனை பெயர்களை உயிரோடு ஒலித்த ஒரு மனிதருக்கு அப்படி ஒரு முடிவு நேர்ந்ததை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எழுதுவது எளிதாக இல்லை.

அறிவிப்பாளர்களில் சிலர் அந்த ஜூலைக்கு முன்பே கடல் தாண்டியிருந்தார்கள். விமல் சொக்கநாதன் லண்டனுக்குப் போய் பிபிசி தமிழோசையில் பேசினார். தொண்ணூறுகளில் லண்டனிலும் டொராண்டோவிலும் பாரிஸிலும் புலம்பெயர்ந்தவர்கள் சொந்தமாகத் தமிழ் வானொலிகளைத் தொடங்கினார்கள். அவற்றின் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்த்தால், பாட்டுக்குப் பாட்டு இருக்கும், நேயர் விருப்பம் இருக்கும், பிறந்தநாள் வாழ்த்து இருக்கும். அந்த நிலையங்களின் கதை தனியாகவே இரண்டு பகுதிகள் வரும்.

அதற்கு முன் சென்னைக்குத் திரும்ப வேண்டும். 1977 ஜூலை 23 அன்று இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு அங்கே தொடங்கியது. அதைக் கேட்பதற்கான பெட்டி அன்று மிகச் சில வீடுகளில்தான் இருந்தது.

(தொடரும்)